இறுதியாண்டு ப்ராஜெக்ட் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஐப்பசி மழைக்கு இரண்டாம் கட்டில் சொட்டினால், விவரம் தெரிந்த கொத்தனார் அந்த இடத்துக்கு நேர் மேலே ஏற மாட்டார். ஓடு உடைந்தது நாலு சட்டம் தள்ளி இருக்கும். தண்ணீர் சட்டத்தோடு ஓடி வந்து இங்கே சொட்டும். ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். மூன்றாம் ரிவ்யூவில் சொட்டுவது பெரும்பாலும் முதல் மூன்று வாரத்தில் உடைந்தது. உடைத்தது மாணவர்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பல தடவை நாங்கள் போட்ட மார்க் தாளே உடைத்திருக்கிறது.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையின் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருந்து சேர்த்துவைத்த குறிப்புகள் இவை. புதிதாக அந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும், எட்டு டீமை ஒரே சமயம் பார்க்கும் கைடுகளுக்கும் எழுதியது. உங்கள் அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும்.

முதலில் நாட்காட்டி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் 8-ஆம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு வாரம் 20 பீரியட், 10 கிரெடிட். காகிதத்தில் தாராளம். ஆனால் செமஸ்டர் தொடங்குகிற நேரம் தை மாதம். பொங்கல் முடிந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, அடுத்து நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், அதற்குள் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி கிளம்பிவிடும். நடுவில் பிளேஸ்மென்ட் டிரைவ், அரியர் பரீட்சை. 15 வாரம் என்று அட்டவணை போட்டால் கையில் நிற்பது 11. இந்தக் கழித்தலைச் செய்யாமல் திட்டம் போட்டால், கீழே வரும் அறிகுறிகளில் பாதி தானாக வந்து சேரும்.

அறிகுறி: ஐந்தாவது வாரத்தில் மூன்றாவது தடவையாக டைட்டில் மாறுகிறது

டைட்டில் நிற்கவில்லை என்றால் அந்த ப்ராஜெக்ட்டைக் கேட்டவர் யாரும் இல்லை என்று அர்த்தம். டைட்டிலை ஒப்புக்கொள்ளும் ஜீரோத் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு டைட்டில் பட்டியலை எடுத்து, ஐ.இ.இ.இ. ஆய்வுக் கட்டுரை ஒன்றை ‘பேஸ் பேப்பர்’, அதாவது அடிப்படைக் கட்டுரை, என்று ஒட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கைடு ‘இதில் நாவல்டி என்ன?’, அதாவது புதுமை என்ன, என்று கேட்பார். பதில் இருக்காது. டைட்டிலை மாற்றுவார்கள்.

டைட்டிலை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள். இது யாருக்கு வேண்டும்? அவர் இன்றைக்கு இந்த வேலையை எப்படிச் செய்கிறார்? அதில் எந்த இடத்தில் அவருக்கு வலிக்கிறது? இரண்டாவது கேள்விக்கு ‘மேனுவலாகச் செய்கிறார்கள்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். எந்த நோட்டு, யார் எழுதுகிறார், எத்தனை பத்தி போட்டு எழுதுகிறார் என்று வர வேண்டும். அந்த நோட்டின் ஒரு பக்கத்துப் போட்டோ இல்லாமல் முதல் ரிவ்யூ இல்லை என்று நான் வைத்திருக்கிறேன். டைட்டில் கடைசி வாரம் வரை மாறட்டும், எனக்குக் கவலையில்லை. அந்த ஒரு பக்கம் மாறக் கூடாது.

அறிகுறி: “90 சதவீதம் முடிஞ்சுருச்சு சார், இன்டக்ரேஷன் மட்டும்தான் பாக்கி”

இந்த வாசகத்தை இரண்டாம் ரிவ்யூவில் கேட்டால் மீதியை விசாரிக்க வேண்டியதில்லை. எதுவும் முடியவில்லை.

வேலையை ஆளுக்கு ஒரு மாட்யூல் என்று பிரித்திருப்பார்கள். ஒருவன் லாகின், ஒருத்தி அட்மின் பக்கம், ஒருவன் டேட்டாபேஸ், இன்னொருவர் டிசைன். நான்கும் தனித்தனியாக ஓடும். ஒருவன் தேதியை எழுத்தாக வைத்திருப்பான். இன்னொருவன் எண்ணாக எதிர்பார்ப்பான். சேர்க்கும் நாளில்தான் நான்கு பேரும் நான்கு ப்ராஜெக்ட் செய்திருப்பது தெரியவரும்.

குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டச் சொல்லுங்கள். மூன்றாவது வாரக் கடைசியில் ஒரே ஒரு வேலை, முனையிலிருந்து முனை வரை ஓட வேண்டும். போனில் ஒரு ஆர்டர் போட்டால் அது டேட்டாபேஸில் ஏறி, கடைக்காரர் திரையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். லாகின் வேண்டாம், நிறம் வேண்டாம், பார்க்க அசிங்கமாகவே இருக்கட்டும். லாகினைக் கடைசியில் செய்யச் சொன்னால் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். எல்லா டீமும் முதலில் கட்டுவது அதுதான், எந்தக் கடைக்காரரும் கேட்காததும் அதுதான்.

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பொறுப்பேற்ற முதல் வருஷம் ரிவ்யூ மார்க் தாளில் பிபிடிக்கும் பேச்சுக்கும் சேர்த்து 30, ஓடும் சாஃப்ட்வேருக்கு 10 என்று இருந்தது. யாரோ எப்போதோ போட்டது, நானும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் கணக்கில் கெட்டி. 30-க்கு வேலை பார்த்தார்கள், ஸ்லைடுகள் பளபளத்தன. அடுத்த வருஷம் எண்களை இடம் மாற்றினேன். மற்றபடி ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. டெமோக்கள் வர ஆரம்பித்தன.

அறிகுறி: ஹாஸ்டலில் ஓடியது, லேபில் ஓடவில்லை

“நேத்து ராத்திரி ஓடுச்சு சார், சத்தியமா.” அவன் பொய் சொல்லவில்லை. இந்த வரிசையில் பாருங்கள். நான் பார்த்தவரை முதல் இரண்டிலேயே பெரும்பாலும் சிக்கிவிடும்.

1. மாங்கோடிபி அட்லஸ் என்ற இணையவழி டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறார்களா? அதில் எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. ஹாஸ்டல் வைஃபையின் முகவரி அதில் இருக்கும், லேபின் முகவரி இருக்காது. திரையில் வருவது வெறும் ‘டைம் அவுட்’ என்பதால் கோடில் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடுவார்கள்.

2. ஈஎன்வி கோப்பு. பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் இருக்கும் கோப்பு ரெப்போவில் (டீம் முழுவதும் கோடைச் சேர்த்துவைக்கும் இணைய இடம்) ஏறக் கூடாது, ஏறாததும் சரிதான். ஆனால் என்னென்ன பெயர்கள் அதில் இருக்க வேண்டும் என்று காட்டும் வெற்று மாதிரிக் கோப்பாவது இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக உண்மையான கீயோடு அந்தக் கோப்பு பொது ரெப்போவில் கிடந்தால், கோப்பை நீக்கினால் போதாது. பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அது இருந்துகொண்டே இருக்கும். கீயையே மாற்ற வேண்டும்.

3. சர்வர் தூங்குகிறது. நம் புரோகிராமை இணையத்தில் ஓட்டித்தரும் ரெண்டர் போன்ற தளங்களின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் உறங்கிவிடும்; எழுந்திருக்க ஒரு நிமிடம் போல ஆகும். வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது மிக நீண்ட நிமிடம். டெமோவுக்கு முன்னால் ஒரு தடவை திறந்து வைத்தால் போதும்.

4. பழைய வீடியோவைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அதே வகைத் தளமான ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 28 நவம்பர் 2022-ல் முடிந்துபோனது. அதை நம்பி எடுத்த வீடியோக்கள் யூடியூபில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

5. ஒருவனுடைய கம்ப்யூட்டரின் சி டிரைவ் பாதை கோடுக்குள் அப்படியே எழுதியிருக்கிறது.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான். ரிவ்யூ நாளில் மாணவருடைய லேப்டாப் மூடியிருக்க வேண்டும். லேபில் ஏதாவது ஒரு மெஷினில் ரெப்போவை இறக்கி, அவர்கள் எழுதிய ரீட்மீயை (எப்படி ஓட்டுவது என்று சொல்லும் குறிப்பு) வைத்து வேறு டீமைச் சேர்ந்த ஒரு பிள்ளை 20 நிமிடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை பாதி டீம் தோற்கும், தோற்கட்டும். இரண்டாம் தடவைக்கு ரீட்மீ எழுதக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

அறிகுறி: ரெப்போ இருக்கிறது, ஆனால் கோடு பென்டிரைவில் சுற்றுகிறது

‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் சாருக்கு’ என்று ஜிப் கோப்புகளைக் கண்டால், எப்போதிலிருந்து ரெப்போவைக் கைவிட்டார்கள் என்று கேளுங்கள். நான் கண்ட பெரும்பாலான கதைகளில் அது மெஷின் லேர்னிங் மாடல் கோப்பை ஏற்றப்போன நாள். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை, ரெப்போ இருக்கும் தளமான கிட்ஹப் வாங்காது, மறுத்துவிடும். அந்தக் கமிட் லோக்கலில் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு எது செய்தாலும் அதே மறுப்பு. பயந்துபோய் விட்டுவிடுவார்கள். பெரிய கோப்பை கூகுள் டிரைவில் வைத்து இணைப்பை மட்டும் ரீட்மீயில் கொடுத்தால் முடிந்தது. சிக்கிய கமிட்டை எடுக்க நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் செலவழித்தால் ஒரு டீம் பிழைக்கும்.

அறிகுறி: ஒருவன் செய்கிறான், மூன்று பேர் நிற்கிறார்கள்

கேள்வி யாரிடம் கேட்டாலும் மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்பும்.

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் ‘ஷார்ட்லாக்’ என்ற கட்டளை யார் எத்தனை கமிட் போட்டார்கள் என்று சொல்லும். அதை வைத்து மார்க் போட்டுவிடாதீர்கள். லேப் மெஷினில் முதலில் உட்கார்ந்தவன் தன் பெயரை கிட்டில் பதிந்திருப்பான். பிறகு அந்த மெஷினில் உட்கார்ந்த எல்லோர் வேலையும் அவன் பெயரில் விழும். இரண்டு பேர் ஒரு லேப்டாப்பில் சேர்ந்து செய்தாலும் ஒரு பெயர்தான். இன்னொரு பக்கம், நூலகக் கோப்புகளை (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடு) மொத்தமாக ஏற்றியவன் லட்சம் வரி எழுதியவன்போலத் தெரிவான். எண்ணிக்கை ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புக்கு நான் செய்வது: ரிவ்யூவில் பேசாமல் நிற்கும் பிள்ளையை உட்காரவைத்து, “இந்தப் பட்டியலில் தேதிவாரியாக வரிசை மாற்று பாப்பா” என்று ஒரு சின்ன வேலை கொடுப்பேன். மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். செய்து முடிக்கிறாளா என்பது இரண்டாம் பட்சம். எந்தக் கோப்பைத் திறக்கப் போகிறாள் என்பதிலேயே தெரிந்துவிடும்.

பொம்பளைப் பிள்ளைகள் இருக்கும் டீமில் தனியாக ஒன்றைக் கவனியுங்கள். ரிப்போர்ட்டும் பிபிடியும் அவர்கள் தலையில், கோடு பையன்கள் கையில் என்று பிரிந்திருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ‘அவுக கையெழுத்து நல்லா இருக்கும்’ மாதிரி ஒரு பழக்கம். வேலைக்கு நேர்காணல் போகும்போது அந்தப் பிள்ளையிடம் காட்டக் கோடு இருக்காது. ரிப்போர்ட்டின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொருவர் எழுத வேண்டும் என்று விதி போட்டால் இது பாதி சரியாகும்.

இனி மார்க். டீமுக்கு ஒரே மார்க் என்றால் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடவைத்து அதை ஓரளவு மட்டும் சேர்ப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது. நான்கு பேர் டீமில் ஆளுக்கு 90 புள்ளி. மற்ற மூவருக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. சராசரியாக ஒருவருக்கு 90 வந்து சேரும். ஒருவனுக்கு 120, இருவருக்கு 93, இன்னொருவனுக்கு 54 வந்தது என்று வையுங்கள். 90-ஆல் வகுத்தால் 1.33, 1.03, 1.03, 0.6. டீம் மார்க் 80 என்றால் பாதியான 40 எல்லோருக்கும் அப்படியே. மீதி 40-ஐ இந்த எண்ணால் பெருக்குங்கள். மேல் வரம்பு 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவனுக்கு 84, நடுவில் இருவருக்கும் 81, கடைசியானவனுக்கு 64. மேல் வரம்பு எதற்கு என்றால், ஒரே ஆள் எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்வதும் ஒரு கோளாறுதான். அதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது.

எல்லோரும் 30, 30, 30 என்று போட்டுக் கொடுத்தால்? ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், அப்படித்தான் போடுவார்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ‘இவர் செய்த ஒரு வேலை, எந்தத் தேதி, எங்கே பார்க்கலாம்’ என்று ஒரு வரி கட்டாயமாக்குங்கள். நட்புக்காக எண்ணைப் போடுவது சுலபம், சாட்சியை உண்டாக்குவது கஷ்டம். செமஸ்டர் கடைசியில் ஒரே தடவையாக இல்லாமல் ஆறாவது வாரத்தில் ஒருமுறை மார்க் இல்லாமல் நடத்திக் காட்டினால், 54 வாங்கப் போகிறவனுக்குத் திருந்த நேரம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதன் பிறகுதான் மேலாள் நாற்காலி. நாம் முதல் நாளே ஒருவனை ‘டீம் லீடர்’ என்று எழுதி வாங்கிவிடுகிறோம். அந்தப் பத்தியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருவர் முறைவைத்து ரிவ்யூவில் பேச வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: முதல் கமிட்டிலேயே முழு ப்ராஜெக்ட்டும் இருக்கிறது

மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வந்திருக்கிறார்கள். காசுக்கு ப்ராஜெக்ட் செய்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதற்கு மற்ற தடயங்களும் உண்டு: டேட்டாபேஸில் வேறு ஊரின் பெயர், விலைப் பட்டியலில் டாலர், பிழைச் செய்தியில் யாருடையதோ ஆன கம்ப்யூட்டர் பெயர். இப்போது சென்டருக்குப் போகாமல் ஏஐ கருவியிடமே மொத்தத்தையும் எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான்: தேவையில் ஒன்றை மாற்றிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து அரை மணி நேரத்தில் செய்யச் சொல்வது. கருவியைப் பயன்படுத்திக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை. அது கொடுத்ததை ஏன் ஏற்றான், எதை மாற்றினான் என்று சொல்ல வேண்டும்.

பிடித்த பிறகு திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். ஒரு பலகாரக் கடைக்கு ஒழுங்காக ஓடும் ஆர்டர் புத்தகத்தைச் செய்துவந்த பிள்ளையிடம் ‘இதில் நாவல்டி என்ன?’ என்று கேட்டு அனுப்பியது யார்?

அறிகுறி: “அக்யுரசி 99 சதவீதம்”

சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இலையைப் போட்டோ எடுத்தால் நோய் சொல்லும் ப்ராஜெக்ட் வருஷத்துக்குக் குறைந்தது மூன்று வரும். எல்லாம் பிளான்ட்வில்லேஜ் என்ற தரவுத் தொகுப்பில் செய்தவை. 54,306 படங்கள், 14 பயிர்கள், 38 வகைகள். இலையைப் பறித்து ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்தவை. 2016-ல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் இதில் 99.35 சதவீதம் எட்டிக் காட்டினார்கள். அதே கட்டுரையில் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் முதல் எண்ணை மட்டும் ஸ்லைடில் ஏற்றுவார்கள்.

ஆகவே முதல் வைத்தியம் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவது. பக்கத்துக் கிராமத்தில் தக்காளி போட்டிருக்கும் தோட்டத்துக்குப் போய், மண்ணும் நிழலும் பக்கத்து இலையும் சேர்ந்து விழுகிற மாதிரி 50 படம் எடுத்துவரச் சொல்லுங்கள். எண் சரியும். சரிந்த எண்ணுக்கும் ஏன் சரிந்தது என்ற ஆராய்ச்சிக்கும் முழு மார்க் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படங்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துவருவார்கள்.

தோட்டம் இல்லாத ப்ராஜெக்ட் என்றால் இரண்டு இடம் பாருங்கள். படங்களைத் திருப்பி, சாய்த்து எண்ணிக்கையைப் பெருக்கிய பிறகு பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தார்களா? அப்படியானால் ஒரே இலையின் ஒரு சாயல் இங்கே, மறு சாயல் அங்கே. விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதியதுபோல. பிரித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். அடுத்தது, 100 பேரில் 95 பேர் நலமாக இருக்கும் தரவில் கண்ணை மூடிக்கொண்டு ‘நலம்’ என்று சொல்லும் புரோகிராமுக்கும் 95 சதவீதம் கிடைக்கும். நோயுள்ள ஐந்தில் எத்தனையைப் பிடித்தது என்று கேளுங்கள். முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் ப்ராஜெக்ட்டில் இதே கேள்வியை இப்படிக் கேட்கலாம்: பயிற்சிப் படமும் சோதனைப் படமும் ஒரே நாளில், ஒரே ஜன்னல் ஓரத்தில் எடுத்தவையா?

அறிகுறி: தமிழ் உடைகிறது

லேபில் ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடையில் தமிழில் தட்டியதும் தெரியவரும். உடைகிற விதத்தை வைத்தே இடத்தைச் சொல்லலாம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் அட்டவணை லத்தீன் எழுத்துமுறையில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ‘யுடிஎஃப்8 போதாது, எம்பி4 போடு’ என்பார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டே போதும், பழைய யுடிஎஃப்8-லும் தமிழ் நிற்கும். நான்கு கேட்பது இமோஜி. ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்தது போனதுதான், திரும்ப வராது.

எக்செலில் திறந்தால் மட்டும் குப்பை என்றால், சிஎஸ்வி கோப்பின் தலையில் இது யுடிஎஃப்8 எழுத்துமுறை என்று சொல்லும் பிஓஎம் அடையாளம் இல்லை.

பில்லின் பிடிஎஃப்-ல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று விழுந்தால், அந்த பிடிஎஃப் நூலகத்துக்கு எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கத் தெரியவில்லை. ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. பில்லை வலைப்பக்கமாக வடிவமைத்து, பிரௌசர் வழியே பிடிஎஃப் ஆக்கினால் சரியாக வரும்.

பழைய தட்டச்சுக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறதா? அது பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டுதான் உள்ளே ஏற்ற வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் ‘சொக்கலிங்கம்’ தேடினால் கிடைக்கவில்லையா? ‘ொ’ குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’ குறியும் ‘ா’ குறியும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிடும்போது வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி (எல்லாவற்றையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும்.

கடைசியாக எங்கள் ஊருக்கே உரியது. பெயர்ப் பெட்டியில் ‘எழுத்து மட்டும்’ என்று விதி போட்டிருந்தார்கள். ‘சித.’ என்று இனிஷியல் அடித்தால் ஏற்கவில்லை. யூனிகோடு கணக்கில் ‘ச’ எழுத்து, ‘ி’ எழுத்து அல்ல, குறி. குறிகளையும் அனுமதிக்க வேண்டும். அதைச் சரிசெய்தால், இனிஷியலுக்கு ஒரே எழுத்துதான் என்று அடுத்த விதி. செட்டிநாட்டில் ‘பழ.’, ‘அரு.’, ‘ராம.’ என்றுதான் எழுதுவோம், அதிலும் இரண்டு மூன்று அடுக்கி. சொந்த ஊர்க்காரர் பெயரையே உள்ளே விடாத ஃபாரத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளே செய்திருந்தார்கள். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த விதி.

அறிகுறி: கிளையன்ட் எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்கு” என்கிறார்

இதுதான் இருப்பதிலேயே அபாயமானது, ஏனென்றால் அறிகுறி மாதிரியே இருக்காது.

ஒரு பலகாரக் கடை ஆச்சிக்கு ஆர்டர் ஆப் செய்தார்கள் நான்கு பேர். மூன்று தடவை போய்க் காட்டினார்கள். மூன்று தடவையும் ஆச்சி “நல்லா இருக்குப்பா, பலகாரம் எடுத்துக்கங்க” என்று தட்டில் தேன்குழலும் மனகோலமும் வைத்து அனுப்பினார். பிள்ளைகள் ‘கிளையன்ட் சாட்டிஸ்ஃபைட்’ என்று டைரியில் எழுதினார்கள். காட்டியவன் கையில்தான் போன் இருந்தது என்பதை நான் மார்ச் மாதம்தான் கேட்டேன்.

நான்காம் தடவை நானும் போனேன். போனை ஆச்சி கையில் கொடுத்து, “இன்னிக்கு வந்த ஆர்டரை நீங்களே போடுங்க ஆச்சி” என்றோம். கைமுறுக்கு 501, அதிரசம் 301, சீப்புச் சீடை நாலு படி. ஆப் எல்லாவற்றுக்கும் கிலோ கேட்டது.

“ஏப்பா, கல்யாணத்துக்கு முறுக்கை யாராவது கிலோவுல கேப்பாகளா? எண்ணித்தான் கேப்பாக.”

அடுத்து தேதி. ஆச்சியின் நோட்டில் ‘பங்குனி 20’ என்றுதான் இருந்தது. கல்யாண வீட்டார் சொல்வது அந்தத் தேதியைத்தான். ஆப்பில் இங்கிலீஷ் மாதம் மட்டும். ஆச்சி சுவரில் தொங்கிய காலண்டரை எட்டிப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் ஆனது. நோட்டில் இரண்டு வரி எழுத அரை நிமிடம். முன்பணம் கொடுத்தவர் ஒருவர், பலகாரம் வாங்க வருபவர் இன்னொருவர், பாக்கியைத் தருபவர் மூன்றாமவர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டேட்டாபேஸில் ‘கஸ்டமர்’ என்று ஒரு பத்திதான் இருந்தது.

மாணவர்கள் விருந்தாளியாகப் போனால் நம் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதனால் அபிப்பிராயம் கேட்பதையே நிறுத்துங்கள். செய்ய வேண்டியது: நான்காவது வாரத்திலேயே, போன் கடைக்காரர் கையில், அன்றைய உண்மையான வேலை, பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், ஒருவர் எங்கே விரல் நிற்கிறது என்று குறிக்கட்டும். நோட்டில் எழுத ஆகும் நேரத்தையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். தை, மாசி முகூர்த்த நாட்களில் பலகாரக் கடைக்குப் போகாதீர்கள், அடி விழும். போக வேண்டிய நாட்களை மார்கழியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆச்சியின் வாடிக்கையாளர்கள் பெயரும் போன் நம்பரும் ரிப்போர்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டில் அப்படியே அச்சாகியிருந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் கல்யாண வீட்டு நம்பர் கல்லூரி நூலகத்தில் எதற்கு? டெமோவுக்கும் ரிப்போர்ட்டுக்கும் கற்பனைத் தரவு போடச் சொல்லுங்கள்.

அறிகுறி: ரிப்போர்ட் வாரம் வந்ததும் எல்லோரும் காணாமல் போகிறார்கள்

ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்கள். எழுத்துத் திருட்டு சதவீதத்தைக் குறைக்க நல்ல வாக்கியங்களை எல்லாம் கெட்ட வாக்கியங்களாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் ரிவ்யூவுக்கே மூன்று அத்தியாயம் வாங்கிவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

அறிகுறி: வைவா முடிந்த இரண்டாம் மாதம் கடைக்காரர் போன் செய்கிறார்

“தம்பி, திறக்க மாட்டேங்குது.” எழுதியவன் அதற்குள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். இலவச டேட்டாபேஸின் கெடு முடிந்திருக்கும், அல்லது டொமைனுக்கு யாரும் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு நினைவூட்டல் மூடிப்போன கல்லூரி மெயிலுக்குப் போகும்.

கடைசி ரிவ்யூவில் 10 மார்க் ஒப்படைப்புக்கு என்று ஒதுக்கிவையுங்கள். ஹோஸ்டிங், டொமைன், டேட்டாபேஸ் மூன்றும் கடைக்காரர் மெயிலில், அவர் பெயரில். வருஷச் செலவு எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம். எல்லா ஆர்டரையும் ஒரே பொத்தானில் எக்செலாக இறக்கும் வசதி. அதை இறக்கிப் பிரிண்ட் எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்து, அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் மார்க்.

அந்தப் பலகாரக் கடையில் இப்போது ஆப் ஓடுகிறது, படியும் எண்ணிக்கையும் தமிழ்த் தேதியுமாக. நோட்டும் இருக்கிறது. ஆர்டரை ஆச்சி நோட்டில் எழுதுகிறார், ராத்திரி பேத்தி அதைப் பார்த்து ஆப்பில் ஏற்றுகிறாள். ஏன் இரண்டு வேலை என்று கேட்டதற்கு, “நெட் இல்லாத அன்னிக்குக் கல்யாணம் நிக்குமாக்கும்?” என்றார். இந்த வருஷ டீம் கொடுத்திருக்கும் ஒரு பக்கத்தில் மூன்றாவது கேள்வியின் பதிலாக அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்: நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.